அம்மப்பா ஏறிய கப்பல்: கிலிண்டினி முதல் கொழும்பு வரை, 1944

படையினரை ஏற்றிப் போகும் படைக் கப்பலில் போன ஒருவரைப் பயணிகள் பட்டியலில் தேடத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: அப்படியான பட்டியல் பெரும்பாலும் மிஞ்சவில்லை. இணையத்தில் பணம் கட்டிப் பார்க்கக் கிடைப்பவை வேறு வகைப் பயணங்களின் பட்டியல்கள். இது தெரியாமல் பெயரைப் பல விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா சும்மா கதை விட்டிருக்கிறார்" என்று விட்டுவிட்ட குடும்பங்கள் திருகோணமலையிலேயே இருக்கின்றன. அந்த மனிதர்களுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும். நான் செய்த தேடலை இங்கே விவரமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அம்மாவின் தகப்பன் திருகோணமலை டொக்யார்டில், கடற்படைப் பண்டசாலையில் கிளாக்கராக இருந்தவர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சுக்குப் பிறகு கென்யாவில், மொம்பாசாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முன்பே ஒரு படைக் கப்பலில் திரும்பி வந்தார். வரும் வழியில் கூட வந்த கப்பல் ஒன்று தாண்டுபோனது, அதாவது மூழ்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். அவர் எந்தக் கப்பலில் வந்தார், தாண்ட கப்பல் எது, அதில் இருந்தவர்கள் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. பெரியம்மாவிடம் கேட்டேன். "ஐயா அதைப் பற்றிக் கதைக்க மாட்டார், தம்பி. ஆரும் கேட்டால் எழும்பி வெளியால போயிடுவார்" என்றார்.

ஆனால் ஐயா எழுதி வைத்திருந்தார். 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது பெரியம்மா தூக்கிக்கொண்டு ஓடிய சாமான்களில் ஒரு சின்னத் தகரப் பெட்டியும் இருந்தது. அதற்குள் மூன்று பொருட்கள். டொக்யார்டை விட்டு வெளியேறியபோது கொடுத்த சேவைச் சான்றிதழ். அதில் பிறந்த ஆண்டு 1911, சேவை முடிந்த ஆண்டு 1957. அந்த ஆண்டில்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அடுத்தது மொம்பாசா ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை பதித்த புகைப்படம். மூன்றாவது, உள்ளங்கை அளவில் ஒரு கொப்பி. அரிசி விலை, கடன் கொடுத்தவர் பெயர், வீட்டுக்கு அனுப்பிய காசு என்று போய்க்கொண்டிருக்கும் கணக்குகளுக்கு நடுவே கப்பல் பயணத்தைப் பற்றிச் சில வரிகள்.

கொப்பியை வாசித்த விதம்

அந்த வரிகள் கொப்பிங் பென்சிலால் எழுதப்பட்டவை. அந்தக் காலத்து அலுவலகங்களில் இந்தப் பென்சில்தான் அதிகம் புழங்கியது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறமாகத் தெரியும். ஈரம் பட்டால் ஊதாவாக மாறிக் கசியும். எங்கள் கொப்பியில் பாதிப் பக்கங்கள் கசிந்திருந்தன. துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தால் மிச்சமும் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் சில நாள் விட்டேன். பிறகு யன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்தேன். எழுத்து அழுந்திய தடம் மட்டும் மிஞ்சியிருந்த பக்கங்களுக்கு, அறையை இருட்டாக்கி டோர்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து எடுத்தேன். தடத்துக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

கசிந்த பக்கங்களுக்கு வேறு வழி. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களையும் பிரித்துப் பார்க்கலாம். ஊதா மை பச்சை வெளிச்சத்தை விழுங்கும். அதனால் பச்சை சானலை மட்டும் வைத்துக்கொண்டு மாறுபாட்டைக் கூட்டினால், பழுப்பேறிய தாள் வெளுத்து எழுத்து கறுப்பாக நிற்கும். பெயரா கறையா என்று புரியாமல் இருந்த இரண்டு மூன்று இடங்கள் அப்படித்தான் தெளிந்தன.

சேவைச் சான்றிதழை மாமா ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் பழைய தாளை லேமினேட் செய்ய வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதம் இல்லாமல் பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

பயணத்தைப் பற்றி அம்மப்பா எழுதியது முழுவதும் இதுதான். இடையில் வந்த கணக்குகளை மட்டும் விட்டிருக்கிறேன்.

"சுபானு தை. ஞாயிறு கப்பல் வெளிக்கிட்டது. ஐந்து கப்பல். கப்பலுக்கும் எனக்கும் ஒரே வயது."

"கப்பலில் பூசம். விளக்கு வைக்க விடவில்லை."

"சனி. மத்தியானம் கழிந்து. எல்லாம் இரண்டு நிமிஷம். பின்னால் வெடிச்சத்தம் நெடுநேரம்."

"லஸ்கார் ஒருவன் காய்ச்சலில் போனான். கடலில் இட்டார்கள்."

அதன் பிறகு கொழும்பில் வாங்கிய வேட்டியின் விலை. லஸ்கார் என்றால் கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமி.

பஞ்சாங்கத்தில் இருந்து தேதிக்கு

ஆவணக் காப்பகத்துக்கு எழுதுமுன் தேதியைப் பிடித்துவிட வேண்டும். தேதி இல்லாமல் கேட்டால் ஒருவராலும் உதவ முடியாது. எங்கள் ஊரில் ஜனவரியையும் தை என்றுதான் சொல்வோம். ஆனால் அம்மப்பா ஆண்டின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஆகவே இது பஞ்சாங்கத் தை. சுபானு ஆண்டு அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1943 சித்திரையில் தொடங்கியது ஒன்று, அடுத்தது 2003இல். அப்படியானால் தை என்பது 1944 ஜனவரி நடுப்பகுதியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை.

இனிப் பூசம். 1944க்கான பஞ்சாங்கம் கையில் இல்லை. ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 25இல் ஒரு முழுச் சூரிய கிரகணம் நடந்திருக்கிறது. கிரகணப் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூரிய கிரகணம் என்றால் அன்று அமாவாசை. அதிலிருந்து பதினைந்து நாள் எண்ணினால் பெப்ரவரி 9 அளவில் பூரணை. தைப்பூசம் அதை ஒட்டியே வரும். பூசத்துக்கு முந்திய ஞாயிறு பெப்ரவரி 6. பூசத்துக்குப் பிறகு தை மாதத்துக்குள் வரக்கூடிய ஒரே சனி பெப்ரவரி 12.

கப்பலின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத நிலையில், நாலு வரிக் கொப்பியில் இருந்து ஒரு கப்பல் தாண்ட நாளைக் குறித்துவிட முடிந்தது. இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அவர் கோயில் நாளைக் கடலிலும் எண்ணிக்கொண்டிருந்தபடியால்தான் இது முடிந்தது.

பட்டியல்கள் எங்கே இருக்கின்றன

பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், லண்டன் கியூவில், பயணிகள் பட்டியல்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. பிடி 26 என்பது பிரித்தானியாவுக்கு வந்த கப்பல்களுக்கு. பிடி 27 அங்கிருந்து வெளிக்கிட்டவற்றுக்கு. இரண்டும் 1960 வரை போகின்றன. முதலாவது அன்செஸ்ட்ரி தளத்திலும் இரண்டாவது ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் தேடக் கிடைக்கும். ஆனால் இவை வர்த்தக அமைச்சுக்காகக் கப்பல் கம்பனிகள் கொடுத்த பட்டியல்கள். மொம்பாசாவில் ஏறிக் கொழும்பில் இறங்கியவர் பிரித்தானியாவைத் தொடவே இல்லை. அவர் பெயர் அங்கே வர வழியில்லை. அவர் ஏறியது அரசாங்கம் எடுத்து ஓட்டிய படைக் கப்பல் என்பதும் சேர்கிறது. படைக் கப்பலில் ஏறுகிறவர்களின் பெயரைத் துறைமுகத்து இராணுவ அதிகாரிகள் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை யுத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்படவில்லை. கப்பலின் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தும் எண்ணும் போட்டுப் பொதிகளிலும் சீட்டுகளிலும் குறிக்கிற வழக்கமும் இருந்தது. இரகசியத்துக்காகச் செய்தது, இன்று தேடுகிறவர்களுக்கு மதிலாக நிற்கிறது.

அதனால் ஆளை விட்டுவிட்டுக் கப்பலைத் தேட வேண்டும். ஆட்களின் தாள்கள் போய்விட்டன. கப்பல்களின் தாள்கள் நிறையவே இருக்கின்றன.

கப்பல் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்னல்ட் ஹேக் என்ற ஆய்வாளர் தொகுத்த கொன்வோய்த் தரவுத்தளம். இலவசம். பாதுகாப்புக் கப்பல்களோடு கூட்டமாகப் போகும் கொன்வோய் ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறியும் எண்ணும் உண்டு. கிலிண்டினியில் இருந்து கொழும்புக்கு வந்தவற்றின் குறி கேஆர். 1944 பெப்ரவரி முற்பகுதியில் வெளிக்கிட்டது கேஆர் 8. அதில் கிடீவ் இஸ்மாயில், சிட்டி ஒஃப் பாரிஸ், வர்சோவா, எக்மா, எல்லெங்கா என்று ஐந்து படைக் கப்பல்கள். கொப்பியிலும் ஐந்துதான்.

பெப்ரவரி 12, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி கடந்த நேரம். மாலைதீவின் ஒன்றரைப் பாகைக் கால்வாயில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 எய்த இரண்டு டோர்ப்பிடோக்கள் கிடீவ் இஸ்மாயிலில் பட்டன. இரண்டு நிமிஷத்துக்குள் கப்பல் தாண்டுவிட்டது. அதில் இருந்தவர்கள் 1,511 பேர். இறந்தவர்கள் 1,297 பேர்.

இந்த எண்களைக் கண்டபோது நான் கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். எழுபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் "ஒரு கப்பல் தாண்டதாம்" என்று சோற்றுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இது.

ஏன் கிலிண்டினி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9, வியாழன் காலை திருகோணமலை. டொக்யார்ட், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் அடிபட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்துக்குள் நின்ற சகாயிங் என்ற பயணிகள் கப்பல் எரிந்தது. பிறகு அதன் உடலைத் தாழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படை அதை மேலே மிதக்க வைத்ததை ஊரில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். தேடலுக்குப் பழகுகிறவர்களுக்கு சகாயிங் நல்ல கப்பல். அதன் முடிவு எங்கே என்று நமக்குத் தெரியும், ஆகவே ஒவ்வோர் ஆவணத்தையும் சரியாக வாசிக்கிறோமா என்று சோதித்துப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் பழகினேன்.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அட்மிரல் சோமர்வில்லின் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இலங்கையை நம்பியிருக்க முடியாமல் கிலிண்டினியைத் தளமாக்கியது. கடற்படை போனால் பண்டசாலையும் போக வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களும் போக வேண்டும். 1944 ஜனவரியில் பெரிய போர்க்கப்பல்கள் மீண்டும் இலங்கைக்கு வந்தன, திருகோணமலை திரும்பவும் தளமானது. அம்மப்பா பெப்ரவரியில் வந்தது இதனால்தான். அவர் போனதும் வந்ததும் ஏதோ தனிப்பட்ட அதிர்ஷ்டம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பார்த்தால் கடற்படையின் இரண்டு பெரிய அசைவுகளோடும் அவருடைய சேவைத் தாள் பொருந்தி நிற்கிறது.

நாலில் எது

கிடீவ் இஸ்மாயிலில் அவர் இல்லை. இருந்திருந்தால் அதை எழுதியிருப்பார்; தப்பியவர்கள் 208 ஆண்களும் 6 பெண்களும் மட்டுமே. மிச்சம் நாலு கப்பல்.

இங்கே லண்டனில் இருக்கும் மச்சாளின் உதவி வந்தது. கியூவில் வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு நேரில் போனால், ஆவணங்களைச் சொந்தக் கைத்தொலைபேசியால் படம் எடுப்பதற்குக் காசு இல்லை. இலங்கையில் இருந்தபடி பிரதி கேட்டால், எத்தனை பக்கம் என்று பார்த்துச் சொல்வதற்கே கட்டணம். அங்கே உறவினர் இருந்தால் அவர்களைக் கெஞ்சிக் கேளுங்கள். "அத்தான், லைப்ரரியில அன்செஸ்ட்ரியும் சும்மா பார்க்கலாம், முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிரித்தானியாவின் பல பொது நூலகங்களில் அந்த வசதி உண்டு.

அவள் முதலில் எடுத்தவை பிடி 389 அட்டைகள். யுத்தகால வணிகக் கப்பல் ஒவ்வொன்றும் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வந்தது, எப்போது வெளிக்கிட்டது என்று எழுதிவைத்த அட்டைகள் இவை. பொடி எழுத்து, சுருக்கிய பெயர்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். இந்த அட்டைகள் கப்பல் அந்த வழியே வந்ததை உறுதிப்படுத்தும், ஆளை உறுதிப்படுத்தாது. கொன்வோய்க் கோப்புகள் ஏடிஎம் 237இலும், பாதுகாப்புக் கப்பல்களின் அறிக்கைகள் ஏடிஎம் 199இலும் இருக்கின்றன. கோப்பு எண்ணைக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கொன்வோய்க் குறியையோ போர்க்கப்பலின் பெயரையோ போட்டுத் தேடி எடுக்கலாம்.

நாலில் இரண்டைக் கழித்தது லொயிட்ஸ் ரெஜிஸ்டர். கப்பல்களின் பெயர், எடை, கட்டிய இடம், கட்டிய ஆண்டு எல்லாவற்றையும் வருஷாவருஷம் அச்சிடும் பதிவேடு அது. 1930 முதல் 1945 வரையான தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சிட்டி ஒஃப் பாரிஸ், எல்லர்மன் கம்பனியின் கப்பல், 1920களில் வந்தது. வர்சோவா 1914. எக்மா 1911. எல்லெங்காவும் 1911.

"கப்பலுக்கும் எனக்கும் ஒரே வயது."

கப்பல்களில் கட்டிய ஆண்டைப் பொறித்த தகடு ஒன்று பொதுவாகக் கண்ணில் படும் இடத்தில் இருக்கும். கணக்கு எழுதும் மனிதர். எண்ணைக் கண்டால் நின்று பார்த்திருப்பார். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஐயா அப்படித்தான். ஆரைக் கண்டாலும் முதல் வயசைத்தான் கேட்பார்" என்றார்.

எக்மாவும் எல்லெங்காவும் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் கப்பல்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் எங்கள் ஆட்கள் போய்வந்தது பெரும்பாலும் இந்தக் கம்பனியின் கப்பல்களில்தான். கப்பலில் வேலை செய்தவர்களில் இந்திய லஸ்கார்கள் ஏராளம். கொப்பியின் கடைசி வரி அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தாண்ட கப்பலில் இருந்தவர்கள்

அம்மப்பாவைக் கண்டுபிடிக்கப் போனவன், தாண்ட கப்பலில் இருந்தவர்களைப் பாராமல் தாண்டிப் போக முடியவில்லை.

கிடீவ் இஸ்மாயில் 1922இல் ஸ்கொட்லாந்தின் கிரீனொக்கில் சிலி நாட்டுக் கம்பனிக்காகக் கட்டப்பட்டது. அப்போது பெயர் அக்கொன்காகுவா. பிறகு எகிப்திய கிடீவியல் மெயில் கம்பனி வாங்கிப் பெயரை மாற்றியது. அந்தப் பயணத்தில் அதில் இருந்த பெரும்பகுதியினர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையின் 301ஆவது ரெஜிமென்ட் ஆட்கள்: அதிகாரிகளும் வீரர்களுமாக 996 பேர். அவர்கள் வந்துகொண்டிருந்தது இலங்கைக்கு. பர்மா யுத்தத்துக்குப் போகுமுன் 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் இங்கேதான் பயிற்சி எடுத்தது. தாதிமாரும் கடற்படைப் பெண்களும் இருந்தார்கள். பெண்களில் 77 பேர் இறந்தார்கள்.

"பின்னால் வெடிச்சத்தம் நெடுநேரம்" என்ற வரி என்னவென்று வரலாற்றைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஹோக்கின்ஸ் என்ற குரூசரோடு பலடின், பெட்டார்ட் என்ற இரண்டு டிஸ்ட்ரோயர்கள் காவலுக்கு வந்தன. மற்றக் கப்பல்கள் கலைந்து முன்னால் போக, டிஸ்ட்ரோயர்கள் இரண்டும் திரும்பின. நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை விட்டால் மிச்ச நாலு கப்பலையும் தொடரும். ஆட்கள் நீந்திக்கொண்டிருந்த அதே தண்ணீரில் ஆழ்கடல் வெடிகளைப் போட்டார்கள். நீர்மூழ்கி மேலே வந்தது. பலடின் அதை முட்டப் போய்த் தானே கிழிபட்டது. கடைசியில் பெட்டார்டின் டோர்ப்பிடோ ஐ-27ஐ உடைத்தது.

அந்த வெடிகள் போட்டது சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காப்பாற்றப்பட்ட நாலு கப்பலில் ஒன்றில் என் அம்மப்பா இருந்தார். நான் இருப்பதும் அதனால்தான். பெரியம்மா சொன்ன "எழும்பி வெளியால போயிடுவார்" என்பதன் பாரம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இறந்தவர்களின் பெயர்களைப் பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் தளத்தில் பார்க்கலாம். இறந்த தேதிக்கு 1944 பெப்ரவரி 12 என்றும் படைப்பிரிவுக்கு கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படை என்றும் கொடுத்தால் பட்டியல் வரும். பதிவிறக்கியும் வைக்கலாம். நிலாவெளி வீதியில் இருக்கும் எங்கள் யுத்த மயானத்தில் அவர்களைத் தேடிப் பயன் இல்லை. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. அந்தப் பீரங்கிப் படையினரின் பெயர்கள் நைரோபியில் உள்ள கிழக்கு ஆபிரிக்க நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலை அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரியாத மொழிப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். பக்கங்கள் நிறைய இருந்ததால் அன்று முடியவில்லை. அடுத்த நாளும் இருந்து வாசித்தார்.

இனி இருப்பது

எக்மாவா எல்லெங்காவா என்பதற்கு ஒரு வழி இன்னும் இருக்கிறது. கப்பலில் யாராவது இறந்தால் தலைவர் அதை உத்தியோகப் பயணக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். யுத்தகாலக் குறிப்பேடுகளும் மாலுமிப் பட்டியல்களும் பிடி 381இல், கப்பலின் உத்தியோக எண் வரிசையில் இருக்கின்றன. அந்த எண்ணை லொயிட்ஸ் ரெஜிஸ்டரிலேயே எடுத்துக்கொள்ளலாம். பெப்ரவரி 12க்கும் கொழும்பு வந்த நாளுக்கும் இடையில் காய்ச்சலில் ஒரு லஸ்கார் இறந்ததாக எந்தக் குறிப்பேட்டில் இருக்கிறதோ, அதுதான் அம்மப்பாவின் கப்பல். அந்த மனிதனின் பெயரும் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். என் அம்மப்பா அவனுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறார், பெயரை எழுதவில்லை. இரண்டு எண்களையும் மச்சாளுக்கு அனுப்பிவிட்டேன்.

வேறு விதமான படைக் கப்பல்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 1941இல் குயின் மேரி, குயின் எலிசபெத் ஆகிய மிகப் பெரிய கப்பல்கள் சிட்னியில் இருந்து சூயெஸுக்குப் படை ஏற்றிப் போகும் வழியில் திருகோணமலைக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய கதை உங்கள் வீட்டில் இருந்தால் ஆஸ்திரேலியப் பக்கம் பாருங்கள். ஆஸ்திரேலிய யுத்த நினைவகத்தின் ஏடபிள்யூஎம் 52 என்ற தொகுதியில் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய கிழக்கில் இருந்த பிரித்தானியப் படைகளின் நாட்குறிப்புகளுக்கு கியூவில் டபிள்யூஓ 169, தென்கிழக்கு ஆசியாவுக்கு டபிள்யூஓ 172.

கிலிண்டினிக்கு அம்மப்பா தனியே போயிருக்க மாட்டார். டொக்யார்ட் ஆட்கள் இன்னும் சிலர் கூடப் போய் அதே கொன்வோயில் திரும்பியிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் உப்புவெளியிலோ பெருந்தெருவிலோ, இல்லை கனடாவிலோ இருக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய தாள்களில் 1944 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கிய சீட்டோ, பொதியில் கட்டிய அட்டையோ இருந்தால், அதில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்து குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். கியூவில் குறிப்பேடு கிடைக்காமல் போனாலும், எக்மாவா எல்லெங்காவா என்று தீர்க்க அது உதவும்.